ஒரு ஷில்லிங் மாலை

சென்ற வாரம் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் நின்றோம். இரண்டாம் சார்லஸ் மன்னர் தன் நாய்கள் புடைசூழ நடந்து போக, லண்டன்வாசிகள் ஓரமாக நின்று பார்த்த இடம் அது. பூங்காவின் வாசல் ஊருக்குத் திறந்திருந்தது உண்மைதான். ஆனால் மண் மன்னருடையது, நடையும் மன்னருடையது. மற்றவர்கள் அவர் தயவில் உள்ளே வந்தவர்கள்.

இந்த வாரம் தேம்ஸ் ஆற்றைத் தாண்டித் தென்கரைக்குப் போகிறோம். அன்றைக்கு அது லண்டன் இல்லை. சர்ரே மாவட்டத்தின் வயல்களும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்த லாம்பெத் பகுதி. அங்கேதான் வாக்ஸ்ஹால் தோட்டம் இருந்தது. சுமார் 12 ஏக்கர். கோடைக்காலத்தில் மட்டும், அதுவும் மாலையில் மட்டும் திறந்த தோட்டம். நகரத்து மனிதர்கள் வேலை முடிந்த பிறகு, முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து, வெளிச்சத்திலும் இசையிலும் காலாற நடப்பது என்ற பழக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு வடிவம் கொடுத்த இடம் எது என்று கேட்டால், நான் இந்தத் தோட்டத்தைத்தான் சொல்வேன்.

1661 வாக்கில் இது திறக்கப்பட்டபோது இதன் பெயர் நியூ ஸ்பிரிங் கார்டன்ஸ். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் இங்கே அடிக்கடி வந்தவர். 1667 மே மாதத்து மாலை ஒன்றில் இராப்பாடிப் பறவைகளின் குரலையும் பிடில் இசையையும் கேட்டுக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்தி உலாவியவர்களைப் பார்த்து மகிழ்ந்ததை எழுதிவைத்திருக்கிறார். அப்போது நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பினால் தின்பண்டம் வாங்கலாம், இல்லாவிட்டால் காசே செலவழிக்காமல் நடந்துவிட்டுத் திரும்பலாம். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே வேறொன்றையும் பதிவு செய்கிறார்: ஆண் துணையின்றிக் கொடிப்பந்தலில் அமர்ந்திருந்த பெண்களிடம் சில இளைஞர்கள் அத்துமீறி நடந்துகொண்டார்கள். இந்த இரண்டு குறிப்புகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்ஸ்ஹாலின் கதை முழுவதும் இந்த இரண்டும் கூடவே வரும்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் தோட்டம் சீரழிந்தது. குடியும் விபசாரமும்தான் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 1729இல் ஆண்டுக்கு 250 பவுன் வாடகைக்கு அதைக் குத்தகை எடுத்தவர் ஜோனதன் டயர்ஸ். வயது 27. பெர்மண்ட்சியில் தோல் வியாபாரம் செய்த குடும்பம். பிரபு வம்சம் அல்ல, கலைஞரும் அல்ல. முதலிரண்டு ஆண்டுகள் தொழில் படுத்துவிட, அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் மனநிலைக்கே போய்விட்டதாகவும், ஓவியர் வில்லியம் ஹோகார்த் அவரைத் தேற்றி ஒரு பெரிய விழா நடத்தச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, விழா நடந்தது. 1732 ஜூன் 7. திறந்தவெளியில் முகமூடி அணிந்து ஆடிப்பாடும் இத்தாலிய பாணி விருந்து. கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். வந்தவர்கள் சுமார் 400 பேர். ஒழுங்கைக் காக்க ஆயுதமேந்திய காவலர்கள் 100 பேர். வேல்ஸ் இளவரசர் ஃபிரெட்ரிக்கே வந்திருந்தார். அந்த நிலப்பகுதியின் உரிமை அவரிடம்தான் இருந்தது.

இளவரசரே வந்துவிட்டார், இனி என்ன? பணக்காரர்களை மட்டும் வைத்து ஒரு கினிக்கே தோட்டத்தை நடத்தியிருக்கலாம். டயர்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1730களின் நடுவில் நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார். அன்றைய லண்டன் கட்டடக் கூலியாளுக்கு அது ஏறக்குறைய அரை நாள் சம்பளம். தினமும் முடியாது. ஆனால் கோடையில் ஒரு நாள், மனைவியை அழைத்துக்கொண்டு, முடியும். கடைக்காரர், தச்சர், குமாஸ்தா, தொழில் பழகும் பையன் எல்லோருக்கும் எட்டுகிற தொகை. டயர்ஸ் செய்த காரியங்களில் விளக்குகளைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு இந்தக் கட்டணம்தான் பெரிதாகப் படுகிறது.

போகும் வழியைப் பார்ப்போம். 1750 நவம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, நகரத்திலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்குப் படகுதான் கதி. வெஸ்ட்மின்ஸ்டர் அல்லது வைட்ஹால் படித்துறையில் ஏறி, தேம்ஸில் தெற்கே போக வேண்டும். வசதியுள்ளவர்கள் தங்கள் படகோடு இன்னொரு படகையும் அமர்த்தி, அதில் கொம்பு வாத்தியக்காரர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டே போனார்கள். கரை ஏறினால் ஒரு சாதாரண வீடு. அதற்குள் புகுந்து, இருண்ட இடைகழியைக் கடந்து மறுபக்கம் வந்ததும், சட்டென்று கண்ணெதிரே பெருவழி விரியும். சுமார் 900 அடி நீளம். இருபுறமும் உயர்ந்த எல்ம் மரங்கள். நடந்து நடந்து கெட்டிப்பட்ட சரளைப் பாதை. வலப்பக்கத்துத் தோப்பில் இசைமண்டபம். அதைச் சுற்றி வரிசையாகச் சாப்பாட்டுத் தடுப்புகள், ஒவ்வொன்றின் பின்சுவரிலும் ஃபிரான்சிஸ் ஹேமனும் அவரது பட்டறையினரும் தீட்டிய பெரிய ஓவியம். அவற்றில் பெரும்பாலும் அரசர்களோ தேவர்களோ இல்லை. ஏற்றப்பலகையில் ஆடும் பிள்ளைகள், சீட்டுகளை அடுக்கி வீடு கட்டும் சிறுவர், நடனமாடும் பால்காரிகள். ராயல் அகாடமி 1768இல்தான் தோன்றியது. அதற்கு முன்பு சாதாரண லண்டன்வாசி ஒருவர் தன் நாட்டு ஓவியர்கள் வரைந்த படங்களை இத்தனை எண்ணிக்கையில் நின்று பார்க்க முடிந்த இடங்கள் மிகக் குறைவு.

ஜூன் மாத லண்டனில் அன்றைய கடிகாரப்படி சூரியன் மறைய எட்டே கால் ஆகிவிடும். அதற்குப் பிறகும் வானத்தில் வெளிச்சம் நெடுநேரம் தங்கும். ஐந்து, ஆறு மணிக்கே வந்தவர்கள் இசை கேட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்கள். மரங்களுக்கு அடியில் மெல்ல மெல்ல இருட்டும். யாருக்கு யார் முகம் என்று தெரியாமல் போகும் அந்த நேரத்துக்காகத்தான் தோட்டமே காத்திருக்கும். ஒரு சீழ்க்கை ஒலி. ஏற்கெனவே அங்கங்கே நிறுத்தப்பட்டிருந்த வேலையாட்கள் திரிகளில் தீயை வைப்பார்கள். விளக்குக்கு விளக்கு திரியால் இணைத்திருந்ததால், மரங்களிலும் வளைவுகளிலும் தொங்கிய ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி விளக்குகள் கண்மூடித் திறப்பதற்குள் எரியத் தொடங்கும். ஊரே கார்த்திகை தீபத்தை ஒரே நொடியில் ஏற்றினால் எப்படி இருக்கும், அப்படி. அன்றைய லண்டன் தெருக்களின் இருட்டை நினைத்தால்தான் இதன் மதிப்புப் புரியும். இரவில் வீடு திரும்ப, பந்தம் பிடித்து முன்னே ஓடும் சிறுவனைக் கூலிக்கு அமர்த்திய காலம் அது. அத்தனை செயற்கை வெளிச்சத்தை வாழ்நாளில் அதுவரை பார்த்திராதவர்கள்தான் கூட்டத்தில் பெரும்பாலோர்.

1764 ஜூனில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பனார் இதைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். பெயர் லியோபோல்ட் மொசார்ட். மகன் வொல்ஃப்காங்குக்கு அப்போது எட்டு வயது. விளக்குகளைக் கண்டு சொர்க்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று வியந்த அவர், அடுத்துக் குறித்த விஷயம் இன்னும் முக்கியமானது. ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே வந்துவிட்டால் இங்கே எல்லோரும் சமம். எந்தப் பிரபுவும் பிறர் தனக்காகத் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒரு பேராயரின் அரசவையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, வாழ்நாளெல்லாம் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற இசைக்கலைஞர் எழுதியது இது. அவர் கண்ணுக்கு அது தப்பாமல் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

சமம் என்றால் முழுச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஜமானர் வீட்டுச் சீருடை அணிந்த வேலைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே போன பிறகு உணவு விலை வேறு. ஒரு பன்றித் தொடையைக் கையில் கொடுத்தால் வாக்ஸ்ஹாலின் வெட்டுக்காரர் அதைச் சீவிச் சீவித் தோட்டம் முழுவதையும் போர்த்திவிடுவார் என்று ஊரில் பேச்சு. துண்டு அவ்வளவு மெல்லிசு. கோழி சிட்டுக்குருவி அளவுதான் என்ற புகாரும் நூறாண்டு ஓயவில்லை. ஆகவே ஷில்லிங் மட்டும் கொண்டுவந்தவர்கள் நடந்தார்கள், பணம் உள்ளவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நடந்தவர்கள் அவர்களைப் பார்த்தார்கள். 1750 ஜூனில் முன்னாள் பிரதமரின் மகன் ஹொரேஸ் வால்போல் நண்பர்களோடு வந்த இரவை ஒரு கடிதத்தில் விவரிக்கிறார். எல்லோருமாகத் துண்டு துண்டாக்கிப் பீங்கான் பாத்திரத்தில் போட்ட ஏழு கோழிகளை, மூன்று கட்டி வெண்ணெயும் தண்ணீரும் சேர்த்து, கரோலின் பீட்டர்ஷாம் சீமாட்டி விளக்குத் தீயில் தானே வேகவைத்தார். கிளறலும் சிரிப்புமாக அந்தத் தடுப்பே அமர்க்களப்பட்டது. பழக்காரி ஒருத்தி கூடை கூடையாக ஸ்ட்ராபெரி கொண்டுவந்தாள். சுற்றிலும் பெருங்கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குத்தான் வீடு திரும்பினார்கள். செயின்ட் ஜேம்ஸில் மன்னரை ஊர் பார்த்த அதே பார்வைதானே இது என்று கேட்கலாம். இல்லை. இங்கே பார்ப்பவரும் கட்டணம் கொடுத்து வந்தவர். ஒதுங்கி நிற்கச் சொல்ல ஆள் இல்லை.

இசைக்கு வருவோம். 1738இல் டயர்ஸ் தோட்டத்தில் ஒரு பளிங்குச் சிலையை நிறுவினார். சிற்பி லூயி ஃபிரான்ஸ்வா ரூபிலியாக். சிலையில் இருப்பவர் அப்போது உயிரோடிருந்த இசையமைப்பாளர் ஹாண்டல். அதுவரை பொது இடத்தில் சிலை என்றால் அரசர், தளபதி, அல்லது செத்துப்போன பெரிய மனிதர். இங்கேயோ உயிரோடு இருக்கும் ஒரு பாட்டுக்காரர், பொய்முடி இல்லாமல், தலையில் மெத்தென்ற குல்லாய், பித்தான் போடாத சட்டை, மேலே தளர்ந்த அங்கி, காலில் வீட்டுச் செருப்பு என்று வீட்டுக்குள் இருப்பதுபோலச் சாய்ந்து உட்கார்ந்து யாழ் மீட்டுகிறார். ஒரு கால் செருப்பை விட்டு வெளியே வந்திருக்கிறது. அந்தக் காலைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் பொதுத் தோட்டத்தில் ஒரு கலைஞனை இவ்வளவு சகஜமாக உட்காரவைத்த துணிச்சல் அதில்தான் இருக்கிறது. இன்று அந்தச் சிலை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1749 ஏப்ரல் 21 அன்று ஹாண்டலின் வாணவேடிக்கை இசையின் ஒத்திகை வாக்ஸ்ஹாலில் நடந்தது. அந்த இசை எழுதப்பட்டது ஓர் அரசு விழாவுக்காக. விழா நடக்கவிருந்தது கிரீன் பார்க்கில். ஒத்திகையை விட்டுக்கொடுத்தால் விழாவுக்குத் தன் விளக்குகளையும் முப்பது வேலையாட்களையும் இரவல் தருவதாக டயர்ஸ் பேரம் பேசி முடித்திருந்தார். 12,000 பேர் வந்தார்கள் என்று அன்றைய இதழ் எழுதியது. நகருக்குள் வண்டிகள் ஆற்றைக் கடக்க அப்போது இருந்த பாலம் லண்டன் பாலம் ஒன்றுதான். மூன்று மணி நேரம் அங்கே எந்த வண்டியும் நகரவில்லை. ஒரு கச்சேரிக்காக ஊரே முடங்கிய நிகழ்ச்சி அது.

இனி இருட்டுப் பக்கம். சொல்லாமல் விட்டால் இந்தத் தொடருக்கு வரலாறு என்று பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. தோட்டத்தில் வேண்டுமென்றே விளக்கு வைக்காத பாதை ஒன்று இருந்தது. இருட்டு நடை என்றும் காதலர் நடை என்றும் அழைத்தார்கள். காதலர்கள் அங்கே போனது உண்மை. தனியே சிக்கிய பெண்களை இளைஞர் கும்பல்கள் சூழ்ந்துகொண்டதும் உண்மை. ஃபேனி பர்னி 1778இல் வெளியிட்ட ‘எவலினா’ நாவலில் கதாநாயகி அந்தப் பாதையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் காட்சி வருகிறது. அவர் அதைக் கற்பனையில் மட்டும் எடுத்துவிடவில்லை. அதிகாரிகள் வற்புறுத்தியதால் 1764இல் இருண்ட பாதைகளுக்கு வேலி போட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது இளைஞர்கள் திரண்டு வந்து அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி நூறு ஆண்டுகள் ஆகியும் நிலைமை மாறவில்லை. ஆண் கொடுத்த ஷில்லிங் அவனுக்கு முழுத் தோட்டத்தையும் வாங்கித் தந்தது. பெண் கொடுத்த அதே ஷில்லிங் விளக்கு எரிந்த பாதைகளை மட்டும்தான் வாங்கித் தந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மழைக்கு ஒதுங்குவதற்காகக் கட்டிய வட்டக் கூடத்தை ஒட்டியிருந்த சித்திரச் சாலையில் இருந்தது. 1760களின் தொடக்கத்தில் ஹேமன் அதற்கென்று நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பெற்ற வெற்றிகள்தான் பொருள். அவற்றில் ஒன்று, பிளாசிப் போர் முடிந்தபின் ராபர்ட் கிளைவ் மீர் ஜாஃபரைச் சந்திக்கும் காட்சி. கிளைவ் கைகளை அகல விரித்து நிற்கிறார். மீர் ஜாஃபர் குனிந்து வருகிறார். பின்னணியில் பிரிட்டிஷ் கொடி, ஒரு யானை. ஹேமன் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர்.

1744இல் சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாக வந்து இறங்கிய அதே கிளைவ்தான். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையைத் தாக்குப்பிடித்து, போர்வீரன் என்று பெயர் எடுத்தது நம் மண்ணில். ஆறு ஆண்டு கழித்து, 1757 ஜூன் 23 அன்று, பிளாசியில் வெற்றி. அதில் போரைவிடச் சூழ்ச்சியின் பங்கு பெரிது. நவாப் சிராஜ் உத்தௌலாவின் தளபதி மீர் ஜாஃபர் களத்தில் தன் படையை நகர்த்தாமல் நின்றதற்குப் பின்னால் முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தம் இருந்தது. ஓவியத்தில் அந்த ஒப்பந்தம் இல்லை. கருணை மிக்க ஒரு வெற்றியாளரும் அவர் முன் பணிகிற ஒரு கிழக்கத்தியரும்தான் இருக்கிறார்கள். கோடை மழையில் நனையாமல் உள்ளே வந்த தச்சரும் குமாஸ்தாவும் அவர்கள் மனைவிமாரும், தங்கள் நாடு தொலைதூரத்தில் என்ன செய்கிறது என்பதை இந்தச் சுவரில்தான் தெரிந்துகொண்டார்கள். படம் மாட்டிப் பத்தாண்டு ஆவதற்குள், 1769-70இல், வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நிலவரி வசூலை நிறுத்தவில்லை. ஒரு ஷில்லிங்குக்குச் சமத்துவம் கிடைத்த அதே தோட்டத்தில், அந்தச் சமத்துவத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதும் எண்ணெய் வண்ணத்தில் எழுதியிருந்தது. ஹேமனின் பெரிய ஓவியம் இன்று இல்லை. அதற்காக அவர் தீட்டிய சிறிய முன்வரைவு லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது.

கிழக்கு இன்னொரு வழியிலும் அங்கே வந்து சேர்ந்தது. வாக்ஸ்ஹாலின் புகழ்பெற்ற பானம் சாராயப் பஞ்ச். அதற்கான சாராயம் கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தது. கல்கத்தாவில் பிறந்த தாக்கரே தன் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலில், வங்காளத்தில் கலெக்டராக இருந்து விடுமுறையில் வந்த ஜோஸ் செட்லியை இந்தத் தோட்டத்துக்கு அழைத்துவந்து, இந்தப் பஞ்சைக் குடிக்கவைத்து, கல்யாணப் பேச்சையே கோட்டைவிடச் செய்கிறார். நாவலின் போக்கு அந்தக் கோப்பையில்தான் திரும்புகிறது.

டயர்ஸ் 1767இல் காலமானார். சாவுக்குச் சற்று முன் தன்னைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகச் சொல்லி, மரங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்ததாகச் சொல்வார்கள். அவர் வைத்த ஒரு ஷில்லிங் அவருக்குப் பிறகும் 25 ஆண்டுகள் நிலைத்தது. 1792இல்தான் அது இரண்டு ஷில்லிங் ஆனது. அதற்குப் பிறகு நடக்க வந்தவர்களைவிட அண்ணாந்து பார்க்க வந்தவர்கள் பெருகினார்கள். கயிற்றின் மேல் நடப்பவர்கள், வாணவேடிக்கை, பலூன்கள். 1836 நவம்பரில் இங்கிருந்து கிளம்பிய சார்லஸ் கிரீனின் பலூன் இரவு முழுதும் பறந்து ஜெர்மானிய நாடான நாசாவில் போய் இறங்கியது. மறு ஆண்டு ஜூலையில் அதே பலூனில் தொங்கிப்போன ராபர்ட் காக்கிங், தானே வடிவமைத்த பாராசூட்டில் குதித்து உயிரிழந்தார். அவருக்கு வயது 61. காக்கிங்கின் அந்தப் பாராசூட்டில் தொடங்கி, 1859 ஜூலை 25 அன்று தோட்டம் கடைசியாகத் திறந்த இரவுவரை உள்ள கதை அடுத்த வாரம்.